பதினைந்து கட்டிலும் பெயரில்லாத ஆட்களும்

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் பஸ் பிடித்துப் போயிருக்கிறீர்களா? பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு எல்லாம் தாண்டிய பிறகு, 'மீன்சுருட்டி... மீன்சுருட்டியெல்லாம் இறங்கு!' என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். அந்தப் பெயரை முதல் தடவை கேட்டுவிட்டு லேசாகச் சிரிக்காத வெளியூர்க்காரர் குறைவு. இன்றைக்கு அரியலூர் மாவட்டம். 2007 நவம்பருக்கு முன்பு பெரம்பலூர் மாவட்டம். பஸ்ஸைவிட்டு இறங்காமல் கும்பகோணம் பக்கமாக இன்னும் சில கிலோமீட்டர் போனால், கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் வயல்களுக்கு மேலே தலையை நீட்டும்.

இந்த வட்டாரத்தில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். 'டாக்டருக்குக் கிடைக்கலேன்னா வேற என்ன படிப்பு இருக்கு? லேப் டெக்னீஷியன் படிக்கலாமாமே, டயாலிசிஸ்னு ஒண்ணு இருக்காமே, வேலை கிடைக்குமா? அதுக்கு மரியாதை உண்டா?'

வேலை, மரியாதை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் இன்றைய பத்திரிகை விளம்பரங்களில் பதில் தேட வேண்டியதில்லை. இதே மண்ணை ஆண்ட ஒரு ராஜா சுமார் 950 வருடங்களுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பாதி பதில்தான் வைத்திருக்கிறான் என்பது வேறு விஷயம்.

ராஜேந்திர சோழனை எல்லோருக்கும் தெரியும். அவனுடைய பிள்ளைகள் வரிசையாகப் பட்டத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவன் வீரராஜேந்திரன். ஆண்டது 1063 முதல் 1070 வரை, வெறும் ஏழு வருடம். அதில் பெரும்பகுதி சாளுக்கியர்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது. கூடல் சங்கமத்தில் அவர்களை ஓட ஓட விரட்டியதாக அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்லும். தலைநகரம், நம்ம கங்கைகொண்ட சோழபுரம்தான். மாளிகைமேடு என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அங்கேதான் அரண்மனை இருந்தது. தோண்டிய இடத்தில் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் கிடைத்தன.

இப்படி வாளும் கையுமாகத் திரிந்த ராஜாவின் ஐந்தாம் ஆட்சியாண்டில் ஒரு நீளமான கல்வெட்டு. இருக்குமிடம், காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் இருந்த அந்த எழுத்துகளை 1915-ல் தொல்லியல் துறையினர் படியெடுத்தார்கள். படித்துப் பார்த்தவர்கள் அசந்துபோயிருப்பார்கள். போர் வர்ணனையெல்லாம் முடிந்த பிறகு, அது ஒரு ஆஸ்பத்திரியின் பட்ஜெட்டாக மாறிவிடுகிறது!

கோயிலோடு சேர்ந்து ஒரு வேதபாடசாலை, மாணவர்களுக்கு விடுதி. அதோடு 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை. ஆதுலர் என்றால் நோயாளி. நோயாளிகள் தங்குவதற்கு 15 கட்டில். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. ராத்திரி எரிய விளக்கு, அந்த விளக்குக்கு எண்ணெய். ஒரு வருடத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய சுமார் 20 மருந்துகளின் பெயர்கள்கூட உண்டு. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், புராண கிருதம்... ஹரீதகி என்றால் வேறொன்றுமில்லை, நம்ம கடுக்காய். புராண கிருதம் என்பது பழைய நெய்.

அடுத்து வருகிற சம்பளப் பட்டியல்தான் நம் கதைக்கு முக்கியம்.

வைத்தியர், ஆலப்பாக்கத்து கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன். வருடத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. ஒரு கலம் என்றால் 12 மரக்கால். தாராளமான சம்பளம்தான். அடுத்து, 'சல்லியக்கிரியை' செய்பவர். அதாவது அறுவை சிகிச்சை நிபுணர். அவருக்கு 30 கலம் நெல். வைத்தியருக்குக் கிடைத்த நெல்லில் மூன்றில் ஒரு பங்கு! இன்றைக்கு எந்த சர்ஜனிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பாரா, கோபப்படுவாரா என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இவர்களுக்குப் பிறகு, மூலிகை பறித்துக்கொண்டு வந்து, விறகு சேர்த்து, மருந்து காய்ச்ச இரண்டு பேர். நோயாளிகளுக்கு வேளாவேளைக்கு மருந்து புகட்டிப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். அத்தனை பேருக்கும் கணக்குப் போட்டுக் கூலி ஒதுக்கியிருக்கிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேர். அதில் வைத்தியம் பார்ப்பவர்கள் இரண்டே பேர். மிச்சம் ஆறு பேர் இல்லாவிட்டால் அந்த 15 கட்டிலும் வெறும் மரக்கட்டில்தான். மருந்து காய்ச்சியவரை இன்றைக்கு 'பார்மசிஸ்ட்' என்கிறோம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட பெண்கள் நர்ஸ்கள். மருத்துவம் என்பது ஒருத்தர் செய்கிற வேலை இல்லை, ஒரு குழு செய்கிற வேலை என்று அன்றைக்கே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

சும்மா புகழ்ந்துகொண்டே போனால் வரலாறு ஆகாது. இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இது ஊருக்கெல்லாம் திறந்துவிட்ட தர்ம ஆஸ்பத்திரி இல்லை. கோயில் ஊழியர்களுக்கும் பாடசாலை மாணவர்களுக்குமானது. இரண்டாவது, வைத்தியரின் பெயர் ஊரோடு சேர்த்துக் கல்லில் இருக்கிறது. அந்த ஆறு பேர்? 'இரண்டு பேர்', 'இரண்டு பெண்கள்', 'ஒருத்தன்'. அவ்வளவுதான். எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது.

படிப்பு விஷயத்திலும் இதே கதைதான். 1121-ல் விக்கிரம சோழன் காலத்துத் திருவாவடுதுறைக் கல்வெட்டு, சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் படித்த மாணவர்களுக்குச் சாப்பாடு போட ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. வைத்தியராகப் போகிறவனுக்குப் புத்தகம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், சோறும் இருந்தது. கடுக்காயை எந்தப் பதத்தில் இடிப்பது, காய்ச்சல்காரனுக்கு எப்படி மருந்து புகட்டுவது என்பதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? அம்மாவும் அப்பாவும் செய்ததைப் பார்த்துப் பார்த்துக் கைக்குப் பழகியதுதான். புத்தகத்தில் ஏறாத படிப்பு.

இங்கிருந்து ஒரே தாவலாக ஆங்கிலேயர் காலத்துக்குப் போவோம். ஏனென்றால் அங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரி. எம்.எம்.சி. என்றாலே டாக்டர்களின் தாய்வீடு என்று நினைப்போம். 1835 பிப்ரவரியில் அது ஆரம்பித்தபோது டாக்டர்களை உருவாக்குவதற்காக ஆரம்பிக்கப்படவே இல்லை! கம்பெனியின் பட்டாளத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் உதவியாட்கள் தேவைப்பட்டார்கள். கட்டுப் போட, மருந்து கலக்க, வெள்ளைக்கார டாக்டர் சொன்னதைச் செய்ய ஆள் வேண்டும். அதற்காகத் திறந்த 'மெடிக்கல் ஸ்கூல்' அது. வில்லியம் மார்ட்டிமர் என்ற டாக்டரின் பொறுப்பில், இருபது சொச்சம் மாணவர்களோடு தொடங்கியது. 1850-ல்தான் 'காலேஜ்' என்ற பெயர் வந்தது. ஆக, இன்றைக்கு நாம் பாராமெடிக்கல் என்று இரண்டாம் வரிசையில் உட்கார வைத்திருக்கிற படிப்புதான், நம்ம ஊர் நவீன மருத்துவக் கல்விக்கே மூத்த அக்கா. பின்னால் வந்த தங்கை எம்.பி.பி.எஸ். வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது!

அந்தக் காலத்தில் தேறி வந்தவர்கள்தான் டிரஸ்ஸர், கம்பவுண்டர் என்று ஊர் ஊராகப் போனார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத கிராமங்களில் கம்பவுண்டர்தான் டாக்டர். அவர் கலக்கிக் கொடுத்த சிவப்பு மிக்ஸருக்கு அப்படி ஒரு மவுசு. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், கண் மின்னும்.

பிறகு எந்திரங்கள் வந்தன. 1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். உலகமே கையை நீட்டிப் படம் எடுத்துப் பார்த்து மகிழ்ந்தது. அதன் ஆபத்து யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் கிளாரன்ஸ் டாலி என்று ஓர் உதவியாளர். கண்ணாடி ஊதும் தொழிலாளி. எக்ஸ்ரே குழாய்களைத் தன் கையை வைத்தே சோதித்துப் பார்ப்பார். கை புண்ணானது. புண் புற்றானது. இரண்டு கைகளையும் எடுத்தார்கள். 1904-ல் இறந்துபோனார். எடிசன் பயந்துபோய் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் கதிர்வீச்சுக்குப் பலியானவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். முதலில் பொறித்த பெயர்கள் 169. டாக்டர்கள், விஞ்ஞானிகளோடு டெக்னீஷியன்களும் நர்ஸ்களும் ஒரே தூணில், பெயரோடு. திருமுக்கூடல் கல்லில் கிடைக்காத இடம் இங்கே கிடைத்தது. ஆனால், செத்த பிறகு.

அந்த எக்ஸ்ரேக்கு நம்ம சென்னை பொது மருத்துவமனையில் 1934-ல் தனி நிலையமே வந்தது. பர்னார்ட் கதிரியக்க நிலையம். கேப்டன் பர்னார்ட் பெயரில். பிற்காலத்தில் எக்ஸ்ரே எடுக்கிற ஆட்களைப் பயிற்றுவிக்கும் இடமாகவும் அது விளங்கியது. அடுத்த முறை ஸ்கேன் சென்டருக்குப் போகும்போது அங்கே வேலை செய்கிறவரின் சட்டையில் சின்னதாக ஒரு பட்டை குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டை என்று நினைக்காதீர்கள். அவர் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியது என்று கணக்குச் சொல்லும் பட்டை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். டாலியைப் போன்றவர்கள் கையைக் கொடுத்து நமக்கு வாங்கித் தந்த பாடம் அது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவர் பட்டன் அமுக்குவதற்கும், நாலு நாள் கூட நின்று பழகியவர் அமுக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறதா, இல்லையா?

வேலூரில் இன்னொரு பாடம். 1940-களின் கடைசியில் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற சர்ஜன், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம் என்று இறங்கினார். உயிரோடு இருக்கிற ஒரு தசைநாணை எடுத்து, செயலிழந்த இடத்தில் பொருத்தித் தைத்துவிடுவார். பிரமாதமான யோசனை. ஆனால் கட்டைப் பிரித்தவுடன் விரல் வேலை செய்துவிடுமா? செய்யாது. வேறு வேலைக்குப் பழகிய தசை அது. 'இனிமேல் உன் வேலை இது' என்று மூளைக்கும் தசைக்கும் வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் இயன்முறைச் சிகிச்சையாளர்கள், அதாவது பிசியோதெரபிஸ்டுகள். ரூத் தாமஸ் என்ற பெண்மணி அங்கே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பிராண்டின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். ரூத் தாமஸை எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டர் தைத்த கை கடைசியில் ஒரு டம்ளரைப் பிடித்ததா என்பது அவர் கையில்தான் இருந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. நம்ம திருமுக்கூடலைவிட நாலு கட்டில் கம்மி! இன்றைக்கு அங்கே ஒரு சர்ஜன் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கண்புரை அறுவை செய்ய முடிகிறதென்றால், அதன் ரகசியம் கத்தியில் இல்லை. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சேர்த்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துத் தயார்செய்கிறார்கள். பார்வையை அளப்பது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் அளவைக் கணிப்பது, நோயாளியைத் தயார்படுத்துவது எல்லாம் அவர்கள். டாக்டர் ஒரு மேஜையில் முடித்துவிட்டுத் திரும்பினால் அடுத்த மேஜையில் அடுத்தவர் தயார்.

இவ்வளவும் நடந்தது சரி. சட்டம் இவர்களை எப்படிப் பார்த்தது?

நர்ஸ்களுக்கு 1947-லேயே மத்தியச் சட்டம் வந்து கவுன்சில் அமைந்தது. மருந்தாளுநர்களுக்கும் பல் டாக்டர்களுக்கும் 1948-ல். பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே டெக்னீஷியன், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் போன்றவர்களுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் வரவே இல்லை. 2007 டிசம்பரில், அதாவது அரியலூர் மறுபடி தனி மாவட்டமான அடுத்த மாசம், நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 2009-ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. 2018 கடைசி நாளில் இன்னொரு மசோதா. அதுவும் அப்படியே நிற்க, நாட்டுக்கு வந்தது கொரோனா.

2020 மே மாதம் நினைவிருக்கிறதா? கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்த கூலித் தொழிலாளர்கள் லாரிகளிலும் கிடைத்த வண்டிகளிலும் அரியலூர் மாவட்டத்து ஊர்களுக்குத் திரும்பினார்கள். அதுவரை சொற்பமாக இருந்த மாவட்டத்தின் எண்ணிக்கை சில நாட்களில் நூற்றுக்கணக்கில் எகிறியது. மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு மாதிரி எடுக்கவும், அதை ஆய்வகத்தில் பரிசோதிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். எல்லோரும் எட்டடி தள்ளி நின்ற அந்த நோயாளியின் முகத்துக்கு ஓரடி தூரத்தில் நின்றவர்களில் டெக்னீஷியன்கள் எத்தனையோ பேர்.

2021 மார்ச் கடைசியில் சட்டம் வந்தே விட்டது. தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம். பெயரைப் படிக்கவே மூச்சு வாங்கும். ஆனால் விஷயம் எளிமையானது. பத்துப் பிரிவுகளில் 50-க்கும் மேற்பட்ட தொழில்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஆய்வகம், கதிரியக்கம், இயன்முறைச் சிகிச்சை, கண் பரிசோதனை, மயக்க மருந்துத் தொழில்நுட்பம், ஊட்டச்சத்து, டயாலிசிஸ், மருத்துவப் பதிவேடு என்று நீள்கிறது. டிப்ளமோவோ பட்டமோ, குறைந்தது 2,000 மணி நேரம் படித்தவர் 'இணை சுகாதாரத் தொழிலர்'. குறைந்தது 3,600 மணி நேரம் படித்துப் பட்டம் வாங்கியவர் 'சுகாதாரத் தொழிலர்'. எல்லாவற்றையும்விட முக்கியம், மத்தியிலும் மாநிலத்திலும் ஒரு பதிவேடு. அதில் ஒவ்வொருவருடைய பெயரும் ஏற வேண்டும். திருமுக்கூடலில் விட்டுப்போன அதே பெயர்!

சட்டம் போட்டதும் எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது என்று நினைத்தால் நீங்கள் நம்ம நாட்டுக்குப் புதுசு. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லி மத்திய, மாநில அரசுகளுக்குக் கெடு வைக்க வேண்டியதாயிற்று.

சரி, மறுபடி மீன்சுருட்டிக்கு வருவோம். இங்கிருந்து கிழக்கே பஸ் ஏறினால் சிதம்பரம், 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மேற்கே போனால் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளின் இணைப் படிப்புகள் 1988 முதல் இயங்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பிசியோதெரபி உண்டு. ரேடியாலஜி, டயாலிசிஸ், இதயத் தொழில்நுட்பம், தியேட்டர் மயக்கவியல் போன்ற பி.எஸ்ஸி.க்களுக்கு மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட மருத்துவமனைப் பயிற்சியும். 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்று ஒன்று இருக்கிறதே, இந்தியாவில் அது பிறந்ததே 1992-ல் சென்னையில், இதய நிபுணர் கே.எம். செரியனின் முயற்சியில்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இரண்டு ரூம் எடுத்து, 'ஆறே மாதத்தில் லேப் டெக்னீஷியன், வேலை உத்தரவாதம்' என்று போர்டு மாட்டியிருக்கிற இடங்களையும் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டின் இரண்டு வருடச் சேமிப்பு அங்கே ஒரு மத்தியானத்தில் கைமாறிவிடும். பணத்தைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டமோ டிப்ளமோவோ கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசு அமைப்பு? மொத்தம் எத்தனை மணி நேரம் படிப்பு? பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி, அங்கே எத்தனை கட்டில்?

மூன்றாவது கேள்விக்கு, வீரராஜேந்திரனின் ஆட்கள் 15 என்று கல்லிலேயே எழுதிவைத்திருந்தார்கள். போர்டு மாட்டியவர் தலையைச் சொறிந்தால், எழுந்து வந்து மீன்சுருட்டி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.